கை முந்திய ஆட்டம்

வெள்ளி, ஜன. 9
காலையில் உறைபனி. குழாயில் தண்ணீர் இல்லை. ஸ்கூல் விட்டு வந்து அம்மாவோடு கொஞ்ச நேரம் தேயிலைக் கொழுந்து எடுத்தேன்.

நாளை குன்னூர் போட்டி. செஸ் சார் போனில்: "கொழுந்து கிள்ளற மாதிரியே காயையும் கிள்ளறே. யோசிச்சு முடிக்கற வரைக்கும் கையத் தொடைக்கு அடியில வெச்சுக்கோ." தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். போன வருஷம் அவசரத்தில் ஒரு காயைத் தொட்டுத்தான் ஸ்டேட் போட்டிக்குப் போகிற வாய்ப்பு போச்சு. ஆனால் கை யோசித்தால் கூடை நிரம்புமா? சாருக்கு என்ன தெரியும்.

ஓபனிங்: கிங்ஸ் கேம்பிட்தான். இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயை வெட்டக் கொடுத்துவிட்டு, எதிரி ராஜாவை விரட்டி அடிப்பது. "பழைய ஓபனிங்" என்கிறார் சார். இருக்கட்டும். எனக்கு அடிக்க வேண்டும்.

சனி, ஜன. 10
ஹால் முழுக்கக் குளிர். 3 ஆட்டம், 3 வெற்றி. கையுறை தொலைந்தது.

ஊட்டிப் பையன் ஹரிக்கு ஒரு ஆட்டம் டிரா. அதற்கே அவன் அப்பா வராந்தாவில் காதோடு சேர்த்து அறைந்தார். சத்தம் உள்ளே வரை. ஒருத்தரும் எழவில்லை. நானும்தான். டீ குடிக்கும்போது காது ஏன் வீங்கியிருக்கு என்று கேட்டேன்.
"விழுந்துட்டேன்."
காது மேலேயா விழுவார்கள்?

ஞாயிறு, ஜன. 11
கடைசி ஆட்டம், நான் – ஹரி. ஜெயித்தால் ஸ்டேட். கை இரண்டும் தொடைக்கடியில். சிப்பாயைக் கொடுத்தேன், வெட்டினான். குதிரையைக் கொடுத்தேன், அதையும் வெட்டினான். 23வது நகர்த்தலில் மேட்!

அவன் அப்பா நேராக மேசைக்கு வந்தார். "பொட்டப்புள்ளகிட்டத் தோத்துட்டு உக்காந்திருக்கியா?" மூக்கில் அறை. போர்டெல்லாம் ரத்தம். மறுபடி கை ஓங்கினார்.

என் கை முந்திவிட்டது. செஸ் கடிகாரத்தை எடுத்து வீசினேன். அவர் புருவம் கிழிந்தது. பொய் எதற்கு, சந்தோஷமாக இருந்தது.

நடுவர் என்னை நீக்கிவிட்டார். ஸ்டேட் ஹரிக்கு.

பஸ் ஸ்டாண்டில் ஹரி ஓடி வந்தான். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன், மடச்சி. "எங்கப்பா மேல கை வெப்பியா?" வாயில் குத்தினான். மறுபடியும். அழுதுகொண்டே. நான் திருப்பி அடிக்கவில்லை. எங்க ஊர் கட்டபெட்டு பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

திங்கள், ஜன. 12
மழைத் தூறல். உதடு இட்லி மாதிரி. ஒரு பல் ஆடுகிறது. அம்மா கூடையை மாட்டிக்கொண்டே, "யாரு கண்ணு அடிச்சா?"

"விழுந்துட்டேம்மா."