அப்பா நிமிர முடியாத வண்டி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், “அதையே கேட்டுச் சொல்றேன்” என்று எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை. அச்சகத்தில் நாளெல்லாம் பிழை திருத்துகிற உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்தான். போன கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இதில் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படித்துவிடுங்கள்.

ஏரிப் பயணத்துக்கு வேன் வாங்கிவிட்டோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற சின்ன வேன். வாசலில் நிற்கிறது. அதன் மடக்கு மேசை முன் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எதிர்வீட்டுக்காரர் காலையிலிருந்து மூன்று தடவை சுற்றிப் பார்த்துவிட்டார். என்ன வண்டி என்று மட்டும் கேட்கவில்லை.

வண்டி பார்க்கக் கிளம்பிய முதல் நாளே நான் ஓர் ஏற்பாடு செய்தேன். உங்கள் வலது முழங்காலைப் போலவே என் முழங்காலும் மடங்காமல் இருக்க வேண்டும் என்று, இரண்டு பக்கமும் நீள அளவுகோல் வைத்து, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த நாடாவால் கட்டிக்கொண்டேன். விற்பனைக்காரர் பதறிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். “பாப்பாவுக்கு என்ன ஆச்சு?” என்றார். “ஒண்ணும் ஆகலை. இப்ப அவ அவளோட அத்தை” என்று அம்மா சொன்னாள்.

முதலில் பார்த்த வண்டி அரண்மனை மாதிரி. பெரிய குளிர்பெட்டி, தொலைக்காட்சி, வெந்நீர்க் குழாய், பின்பக்கம் திரும்புகிற முன் இருக்கைகள். புத்தகம் வைக்கத் தனி அலமாரிகூட இருந்தது. எனக்கு அங்கேயே குடியேறிவிடத் தோன்றியது. அப்பா உள்ளே நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்த்தார். அப்போதும் கூரை இடிக்கவில்லை. நீங்கள் அவருக்கு ஒட்டகம் என்று பேர் வைத்தது எவ்வளவு சரி என்று உங்களுக்கே தெரியும். அவர் எந்த வாகனத்துக்குள்ளும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வண்டியின் படி என் தொடை உயரம். கட்டிய காலோடு நான் ஏறியதை ஏறியது என்று சொல்ல முடியாது. தவழ்ந்தேன்.

அடுத்த வண்டியில் படி சரியாக இருந்தது. கழிப்பறை எங்கே என்று அம்மா கேட்டாள். எந்த வண்டிக்குப் போனாலும் அப்பா இன்ஜினைப் பற்றிக் கேட்பார், அம்மா இதைத்தான் கேட்பாள். விற்பனைக்காரர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, சுற்றிலும் ஒரு திரையை இழுத்துவிட்டு, “அவ்வளவுதாங்க, ரொம்ப வசதி” என்றார். “யாருக்கு?” என்றாள் அம்மா. இறங்கிவிட்டோம்.

போன வருடப் பேருந்துப் பயணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை அத்தை. அம்மா தன் சால்வையை உங்கள் இடுப்பில் சுற்றிவிட்டு, அண்ணிக்குக் குளிருதாம் என்று எல்லோரிடமும் சொன்னாள். அன்று நல்ல வெயில். பேருந்து வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதும் இல்லை.

கடைசியாகப் பார்த்ததுதான் இப்போது நான் உட்கார்ந்திருக்கும் வண்டி. படி தாழ்வு, பக்கத்திலேயே கைப்பிடி. கழிப்பறைக்கு அசல் கதவு, உள்ளே தாழ்ப்பாள். அம்மா உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, ஏதாவது காதில் விழுந்ததா என்று அப்பாவிடம் கேட்டாள். ஒன்றுமே விழவில்லை என்றார் அவர். “நல்ல கதவு. இவ்வளவு நேரம் உள்ள உக்காந்து உங்களைத்தான் திட்டிட்டிருந்தேன்” என்றாள். விற்பனைக்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாவியைக் கீழே போட்டுவிட்டார்.

ஒரே ஒரு குறை. கூரை தாழ்வு. அப்பா கழுத்தை மடக்கித்தான் உள்ளே நிற்க வேண்டும். தொலைக்காட்சி கிடையாது. புத்தக அலமாரியும் கிடையாது. என் புத்தகங்கள் பாத்திரங்களோடு இருக்கும்.

அதற்குள் நீங்கள் போனில் அப்பாவிடம், “நான் வந்தா உங்களுக்குப் பாரம்டா. நீங்க மூணு பேரும் சந்தோஷமா ஏரியைப் பாத்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டீர்கள். அப்பா போனை வைத்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு, அக்காதான் வரவில்லையே, அந்த உயரமான வண்டியையே வாங்கிவிடலாமா என்று மெல்லக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. லிப்ட் பழுது பார்க்கிறவர், வேலை நேரமெல்லாம் லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் குனிந்தே கிடக்கிறவர்.

அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். “இந்த வருஷம் வரலைன்னா அவங்க அடுத்த வருஷம் வரலாம். அந்த வண்டியை வாங்கிட்டா என்னைக்குமே வர மாட்டாங்க” என்றாள். அப்பா மறுநாள் காலை போய் இதை எடுத்து வந்துவிட்டார்.

நீங்களும் அம்மாவும் ஒரே அறையில் அரை மணி நேரம் இருந்தால் வாக்குவாதம் வரும் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் படுக்க வேண்டிய மெத்தையில் அம்மா இன்று மதியம் படுத்துப் பார்த்தாள். எழுந்து வீட்டுக்குள் போய், தடிமனாக இன்னொரு மெத்தை உறை தைக்க ஆரம்பித்திருக்கிறாள். வற்புறுத்தி எழுதாதே, உங்க அத்தை ரோஷக்காரி என்று எனக்கு உத்தரவு வேறு.

அதனால் வற்புறுத்தவில்லை. ஒரு சங்கடத்தை மட்டும் சொல்கிறேன். நேற்று ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்ததிலேயே அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஏரிக்குப் போகும் வழியெல்லாம் மணிக்கொரு தடவை நிறுத்தி இறங்கி, அவர் முதுகை நிமிர்த்தியே ஆக வேண்டும். அம்மா வெயிலில் இறங்க மாட்டாள். நான் கதையின் நடுவில் இருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். நடுச்சாலையில் ஒட்டகம் தனியாக நின்றால் நன்றாகவா இருக்கும்? நிறுத்தும்போதெல்லாம் அவரோடு மெதுவாக இறங்கி, மெதுவாக ஏற, அவசரமே இல்லாத ஒருவர் எங்களுக்குத் தேவைப்படுகிறார். அந்த ஒருவராக நீங்கள் வர வேண்டும் அத்தை.

உங்கள் பதிலுக்காக வண்டியிலேயே காத்திருக்கும்,
அன்பு மருமகள்