அதன் உடம்புச் சூடு

என் வீட்டுக்காரிக்கு, நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல அறைத்தோழன் எழுதுகிறான்.

நேற்று நான் காவல் காக்கும் கட்டடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைத் தொட்டேன். கை பொறுக்காத சூடு! "வெடிக்கப்போகுது, ஓடுங்க!" என்று கத்தி எல்லோரையும் தெருவில் நிறுத்திவிட்டேன். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

எஞ்சினியர் வந்து, பெட்டியில் சூடு காட்டும் மீட்டரைப் பார்த்துச் சிரித்தார். "பெரியவரே, இதுல எண்ணெய் கிடையாது, காத்துலதான் ஆறும். இந்தச் சூடு இதுக்குச் சகஜம். கையை நம்பாதீங்க, முள்ளு சிவப்புக்குப் போனா கூப்பிடுங்க. நாளைக்கும் நீங்கதான் காவல்."

கல்யாணமான புதிதில் உன் உடம்பு சுடுகிறதே, காய்ச்சலென்று வைத்தியரிடம் இழுத்துப்போனேனே! "இவங்க உடம்புவாகே இதுதான்யா" என்று அவரும் இப்படித்தான் சிரித்தார்.

எழுதுகிறவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. இங்கே குளிர் அதிகம். உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.