விசர்ஜன்

கரமனை
3.9.2024

அன்புத் தம்பி பேச்சிமுத்துவுக்கு மதினி கோமதியம்மாள் எழுதுவது. இங்கே மூட்டு வலியைத் தவிர எல்லாம் நலம். நீயும் பொன்செல்வியும் எப்படி இருக்கிய?

போன் பண்ணினா பொன்முடியில ரேஞ்ச் இல்லேங்கிற. ரேஞ்ச் கிடைச்சா "சரி மதினி"ன்னு வச்சிருத. அதான் காகிதம் எடுத்தேன். காகிதத்தைப் பாதியில வைக்க முடியாதுல்லா.

என் வீட்டுக்காரர், அதான் உங்க உஸ்தாத், போய் மூணு மாசம் ஆகப் போகுது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நீ வரலை. ஆடி அமாவாசைக்கும் வரலை. பட்டாளத்துல அவர்கிட்ட டிரில் படிச்ச பயலுகள்ல, ரிட்டயர் ஆன பிறகும் கூட்டாளியா இருந்தவன் நீ ஒருத்தன்தான். மாசா மாசம் தேயிலைத்தூளோட வந்து, அவரோட இருபத்தெட்டு சீட்டு விளையாடி, சண்டை போட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடுவ. மயானத்துக்குப் போனவன் அப்படியே காணாமப் போயிட்ட. நான் ஏதும் சொல்லிட்டேனா? சொல்லியிருந்தா அது என் வாய்க்கொழுப்பு, மனசுல வச்சுக்கிடாத.

விஷயம் இதுதான். முன்னாள் ராணுவத்தார் சங்கத்துல வர்ற 29ஆம் தேதி ஞாயித்துக்கிழமை அவர் படம் திறக்காங்க. நீதான் பேசணும்னு சொல்லிட்டேன். செயலாளர் ஷாஜி எழுதினதுக்கு உன்கிட்ட இருந்து பதிலே இல்லையாமே. நீ வரலைன்னா அவரே பேசுவாராம். அவர் பேசினா படத்துல இருக்கவரே எழும்பிப் போயிருவாரு.

பிறகு, தேயிலைத்தூள் தீர்ந்துட்டு. கடைத்தூள் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு.

உன் வரவை எதிர்பார்க்கும்
மதினி கோமதி

---

பொன்முடி
8.9.2024

மதிப்பிற்குரிய மதினிக்கு பேச்சிமுத்துவின் வணக்கம்.

உங்க மேல எனக்கு என்ன கோபம்? நான் வர முடியாத நிலைமையில இருக்கேன். காரணம் சொன்னா சிரிப்பீங்க. பொன்செல்வி ஏற்கெனவே சிரிச்சாச்சு.

மயானத்துல நாங்க பழைய டிரில்காரங்க எல்லாரும் வரிசையா நின்னோம். வலது ஓரத்துல நான், வரிசைக்கே அளவா நிக்கிற ரைட் மார்க்கர். வெங்கிடேஷ் "சாவ்தான்" சொன்னான், விறைச்சு நின்னோம். உஸ்தாத் மின்மயானத்துக்கு உள்ளே போனார். அதுக்கப்புறம் "விசர்ஜன்" சொல்லணும், கலையலாம்ங்கிற ஆர்டர். அது வராம கட்டைவிரல்கூட அசையக் கூடாது, அது உஸ்தாத் எங்க எலும்புல ஏத்தின பாடம். ஆனா யார் சொல்றது? எங்களுக்கு அதைச் சொல்ற ஆளுதான் உள்ளே போயிட்டாரே. வெங்கிடேஷுக்கு நா எழலை. மழை வேற கொட்டுது. நின்னோம், நின்னுக்கிட்டே இருந்தோம். யாரோ வந்து எங்களையே பேண்டு செட்டுன்னு நினைச்சு, வாத்தியம் எங்கேன்னு விசாரிச்சார். கடைசியில மயான ஊழியர் வந்து, "சேட்டன்மாரே, ஒண்ணு மாறிக்கே, அடுத்த ஆளு வெயிட்டிங் ஆணு"ன்னு எங்களை ஒதுங்கச் சொன்னார். கல்லெறிஞ்ச காக்காக் கூட்டமா சிதறினோம்.

உஸ்தாத்தோட கடைசி பரேடு மதினி. ஆர்டர் இல்லாம கலைஞ்சுபோச்சு. படத்துலகூட அவர் முகத்துல எப்படி முழிப்பேன்? "யாருடா உன்னைக் கலையச் சொன்னது"ன்னு கேட்பாரே. வாட்ச்மேன் வேலையில எஸ்டேட் கேட்டைத் திறக்கப் போனா குதிகால் ரெண்டும் தானா சேருது. தேங்காய் துருவச் சொன்னாலும் சாவ்தான்ல நின்னு துருவுறேன்னு பொன்செல்வி தலையில அடிச்சுக்கிறா. சிரிப்புக்குச் சொல்லலை, நான் இன்னும் அந்த மழையிலதான் நிக்கிறேன்.

என்னை விட்டுருங்க. ஜீப் டிரைவர் ஷிபின்கிட்ட தேயிலைத்தூள் கொடுத்துவிட்டிருக்கேன்.

தங்கள் பணிவுள்ள
பேச்சிமுத்து

---

கரமனை
13.9.2024

அடே கிறுக்குப் பயலே,

தூள் வந்து சேர்ந்துது. ஆளு வராம தூள் மட்டும் வந்தா டீ தொண்டையில இறங்கலை.

சிரிக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். பேண்டு செட்டைப் படிச்சுச் சிரிச்சேன். மழையில நிக்கேன்னு படிச்சதும் அழுதேன்.

அந்த விசர்ஜனை உங்களைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். நம்ம வீட்டுல சாப்பிட்டு முடிச்சாலும் அவர் சொல்லாம யாரும் எழும்பக் கூடாது. பொண்ணு பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் கை காய்ஞ்சு உக்காந்திருந்தது உனக்கும் தெரியும். ரிட்டயர் ஆன வருஷம் அவியல்ல உப்பு கூடிட்டுன்னு ஒரு சண்டை. அடுக்களை வாசல்ல விறைச்சுக்கிட்டு நிக்காரு, நான் போக வழியில்லை. கையில கரண்டியோட "விசர்ஜன்"னு ஒரு சத்தம் போட்டேன். மனுசன் வலப்பக்கம் திரும்பி, சல்யூட் அடிச்சு, ஃபிரிட்ஜில முட்டிக்கிட்டுப் போனாரு. அன்னையிலிருந்து இந்த வீட்டுல அந்த ஆர்டர் என் கையில.

சீட்டுச் சண்டை முத்தும்போது அடுக்களையிலிருந்து யார் குரல் வந்துது? நீங்க ரெண்டு பேரும் சீட்டைப் போட்டுட்டு எழும்பினது யார் சொல்லி? ஆமா, அவர் கள்ளந்தான் விளையாடினாரு. ஜாக்கிச் சீட்டு எப்பவும் வேட்டி மடிப்புல இருக்கும்.

இன்னொண்ணு. இதை யார்கிட்டயும் சொல்லலை. ஆஸ்பத்திரியில கடைசி நாள், இனி ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் கைவிரிச்ச பிறகும் மூச்சு இழுத்துக்கிட்டே கிடந்தது. கட்டில்லயும் குதிகாலைச் சேர்த்து வச்சுக்கிட்டு, யாரோ சொல்லட்டும்னு காத்துக்கிடந்த மாதிரி. எனக்குப் பொறுக்கலை. குனிஞ்சு காதுல மெதுவாச் சொன்னேன். போயிட்டாரு.

ஆக, உங்க உஸ்தாத் முறைப்படிதான் கலைஞ்சாரு. மிச்சம் நீதான். எழும்பி நில்லு. பொன்செல்வியைத் தள்ளி நிக்கச் சொல்லு.

பரேடு, விசர்ஜன்.

மதினி

---

பொன்முடி
18.9.2024

மதினிக்கு,

பொன்செல்வி தள்ளி நிக்கலை. வலப்பக்கம் திரும்பி சல்யூட் அடிச்ச வேகத்துல அவ கையிலிருந்த புட்டுக்குடம் போச்சு. அவ திட்டினது எதுவும் காதுல விழலை. வாசப்படியில உக்காந்து வாய்விட்டு அழுதேன். மூணு மாசத்துல அன்னைக்குத்தான் உக்காந்த மாதிரி இருந்துது.

ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸுல வர்றேன். பேசுறேன். ஜாக்கி விஷயத்தை மேடையில சொல்லாம விடமாட்டேன், இத்தனை வருஷத் தோல்வி அது.

ரேஞ்சுக்காக வித்துராவுக்கு இறங்கி வெங்கிடேஷுக்குப் போன் பண்ணினேன். அவனுக்கும் இதே சீக்குதானாம். காலி பஸ்ஸுலகூட நின்னுக்கிட்டே போறானாம். மத்தவங்களையும் கூட்டிக்கிட்டு வர்றான். படத்துக்கு முன்னால வரிசையா நிப்போம். நீங்க நாற்காலியில உக்காந்திராம எங்க முன்னால வந்து நில்லுங்க.

ஒண்ணே ஒண்ணு மதினி. உடனே சொல்லிராதீங்க. அவர் முன்னால கொஞ்ச நேரம் நின்னுக்கிறோம்.

உங்கள் ரைட் மார்க்கர்
பேச்சிமுத்து