உதடு அசைந்த குற்றம்

உன் போன் என் கடை மேசைமேல் கிடக்கிறது. பின்கவரில் இன்னும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை போகவில்லை. காலையில் உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்தார். கேஸ் இணைப்பு உன் பேரில் இருக்கிறதாம், தன் பேருக்கு மாற்ற வேண்டுமாம், அந்த நம்பர் உன் மெயிலில் இருக்குமாம். "நீதான அவளுக்கு மெயிலு தொறந்து குடுத்தே, பாஸ்வேர்டு உனக்குத் தெரியும்ல மா?" என்றார். தெரியும். நம்பரை எழுதிக் கொடுத்தேன். "சாயந்தரம் வந்து போனை எடுத்துக்கறேன்" என்று போய்விட்டார்.

அதோடு மூடி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கேஸ் கம்பெனி மெயிலுக்குக் கீழேயே தேர்வுக் கம்பெனி மெயில்கள் நின்றன. நீ எழுதியது இரண்டு, அவர்கள் எழுதியது இரண்டு. நான்கையும் படித்தேன். படித்ததிலிருந்து உடம்பெல்லாம் எரிகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை எழுதுகிறேன். வெளியே பட்டா விண்ணப்பத்தோடு இரண்டு பேர் நிற்கிறார்கள். நிற்கட்டும்.

நீ போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. போனவளைத் திட்டலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நான் உன்னைத் திட்டத்தான் போகிறேன்.

நாம் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் டிகிரி வாங்கியவர்கள். சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. லேபில் ஒரு சிஸ்டத்துக்கு ஐந்து பேர். மவுஸ் நம் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். அந்த டிகிரியை வைத்துக்கொண்டு நான் தாலுகா ஆபீஸ் எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்தேன். நீ ஜவுளிக்கடையில் பில் போட நின்றாய். ஏழு வருஷம் நின்றாய். அப்புறம் சிறுநீரகம் கெட்டது, வாரத்துக்கு இரண்டு நாள் திருவள்ளூர் போய் டயாலிசிஸ் என்று ஆனது. கடையில் நிற்க முடியவில்லை.

"உக்காந்து செய்யற வேலை வேணும்டீ. வூட்லயே உக்காந்து. செத்தாலும் சம்பாரிச்சிகினே சாவணும்" என்றாய். நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு ஒன்று இருக்கிறது, அது பாஸானால் வீட்டிலிருந்தே செய்கிற ஹெல்ப் டெஸ்க் வேலை வாங்கித் தருகிறேன் என்று நம்மோடு படித்தவள் ஒருத்தி சென்னையிலிருந்து சொன்னாள். அந்த ஒரு சொல்லை நீ பிடித்துக்கொண்டாய்.

தேர்வுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தான், ஆறு மாத நேரடி அனுபவம் இருந்தால் நல்லது என்று. அதைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "வேலை குடுத்தாதானடீ அனுபவம் வரும்? அனுபவம் இருந்தாதான் வேலைன்னா எங்க போயி ஆரம்பிக்கறது?" நமக்கு இருந்த அனுபவம் என் கடையின் செத்துப்போன மோடம் ஒன்று. அதை ஸ்க்ரூ கழற்றிப் பார்த்தோம், மறுபடி மூடத் தெரியவில்லை. கேபிள் இணைப்புக்காரரிடம் கெஞ்சி, ஒயர் முனையில் பிளக் மாட்டுகிற அந்தக் குறடை ஒரு மத்தியானத்துக்கு வாங்கி வந்தாய். ஒன்பது பிளக்கைப் பாழாக்கினாய். பத்தாவதில் பச்சை விளக்கு எரிந்ததும், ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்த அந்தக் கையாலேயே கைதட்டினாய். கடையில் ஜாதிச் சான்றிதழுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ரவுட்டர் என்றால் என்ன என்று எனக்கு மண்டையில் ஏறவேயில்லை. வீணான விண்ணப்பத்தாளின் பின்பக்கம் ரயில் பாதையை வரைந்தாய். "தோ பாரு. திருத்தணியில ஏறின. திருவாலங்காடு போவணும், மணவூர் போவணும், எங்க போனாலும் மொதல்ல அரக்கோணம் போயாவணும். அங்கதான் எந்த வண்டின்னு முடிவாவும். அந்த அரக்கோணம்தான்டீ ரவுட்டர்." அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அந்தத் தேர்வில் நீ பாஸாகாமல் வேறு யார் பாஸாக வேண்டும்?

நீ வாய் மூடிப் படித்து நான் பார்த்ததே கிடையாது. நான் மட்டும் எப்படி? நமக்கு இங்கிலீஷ் கண் வழியாக வரவில்லை, வாய் வழியாகத்தான் வந்தது. ஒவ்வொரு எழுத்தாய் உதட்டில் வைத்து உருட்டினால்தான் அர்த்தம் இறங்கும். மிஷின் பக்கத்தில் நான்கு மணி நேரம் படுத்துக்கொண்டு ஒரு கையில் போனைப் பிடித்து நீ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாய். நர்ஸ் பெண் ஒருநாள் கேட்டாள்: "இன்னாக்கா, மலைக்கு வேண்டுதலா? வாய் ஓயாம சொல்லிகினே கீறீங்க?" நீ சொன்னாய்: "ஆங், வேண்டுதல்தான். இந்த முருகன் இங்கிலீஷ்ல கேக்கறாரு."

தேர்வு மையம் சென்னையில். ரயில், படிக்கட்டு, வெயில், எதையும் நீ தாங்க மாட்டாய் என்று வீட்டிலிருந்தே கேமரா முன் எழுதுகிற வழியைச் சொன்னவள் நான். நீ திருவள்ளூரில் மிஷினில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பித் தேதி வாங்கியவளும் நான்.

தேர்வன்று உன் முன் அறையைக் காலி பண்ணினோம். காலண்டர், டிவி, சாமி படம் எல்லாம் உள்ளே போயின. லேப்டாப்பைத் தூக்கிச் சுவர், மேசைக்கு அடியில், உன் காது மடல் என்று எங்கோ உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளனுக்குக் காட்டினாய். அறையில் இன்னொரு குரல் கேட்டால் தேர்வு ரத்து என்று அந்தச் சென்னைத் தோழி சொல்லியிருந்தாள். அதனால் தெருவில் போய்க் காவல் நின்றேன். ரிக்கார்டு போட்டுக் கூவி வந்த வெங்காய வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பினேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் மிக்சியை நிறுத்தச் சொல்லிச் சண்டை. "அந்தம்மா என்ன கலெக்டருக்கா எழுதுது?" என்று கேட்டாள். "ஆங், அப்படித்தான் வெச்சிக்கோ" என்றேன். தெருவின் வாயையே அடைத்துவிட்ட பெருமையில் நின்றுகொண்டிருந்தேன்.

இருபத்தைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்துகொண்டு நீ வந்தாய்.

"இன்னாடி, அதுக்குள்ள?"

"நிறுத்திட்டான்டீ. உதடு அசையுதாம். மூணு வாட்டி ஸ்கிரீன்ல எழுதிக் காட்டினான். மூடிக்கினு படிச்சா ஒண்ணுமே புரியல. தானா அசைஞ்சிருச்சி."

"சத்தம் வந்துதா?"

"சத்தமே வரல. உதடு மட்டும்தான்."

"உதடு அசைக்கக் கூடாதுன்னு ரூல்ஸ்ல எங்கடீ இருக்குது?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

நீ என்னைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் "விடுடீ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்து அந்த விதிகளைத் தேடித் திறந்தேன். பதினொரு பக்கம். ஏழாம் பக்கத்தில் இருந்தது. வாய்விட்டோ உதட்டை அசைத்தோ படிக்கக் கூடாது, வாயைக் கையால் மறைக்கவும் கூடாது. தெளிவாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு நாற்பது படிவம் போடுகிறவள் நான். விதிகள் என்று ஏதாவது வந்தால் கடகடவென்று கீழே இழுத்து 'சம்மதம்' அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். உனக்கும் அப்படித்தான் அமுக்கினேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஒரு மாதம் வாயை அடக்கிப் பழகியிருப்பாய். இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டாவது, உதட்டைக் கவனிக்காத அந்தச் சென்னை மையத்துக்கே போயிருப்பாய்.

இதை உன்னிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அதற்குப் பதில் உன்மேல் பாய்ந்தேன். மேல்முறையீடு பண்ணு என்றேன். நீ அசையவில்லை. ஒவ்வொரு வாரமும் பாய்ந்தேன். ஒருநாள் திருத்தணி பிளாட்பாரத்தில், நாலு பேர் கேட்கிற மாதிரி, "உனக்கு ரோஷமே இல்லடீ, எவன் மிதிச்சாலும் படுத்துக்கறே" என்றேன். நீ சண்டைக்கு வரவில்லை. "மூச்சு வாங்குது, மெதுவா நட" என்றாய். அவ்வளவுதான். இப்படியே எட்டு மாதம் ஓடியது. எட்டு மாதமும் உனக்குத்தான் கோழை என்று பேர் வைத்திருந்தேன்.

ஆனால் தேர்வு முடிந்த மூன்றாம் நாளே நீ அவர்களுக்கு எழுதியிருக்கிறாய்! படுக்கையில் கிடந்தபடி, உன் இங்கிலீஷில், தப்பும் தவறுமாக, பயப்படாமல். அவர்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். உதட்டை அசைத்துப் படிப்பதற்கு மருத்துவக் காரணம் உண்டா, உண்டென்றால் டாக்டர் சான்றிதழ் அனுப்பவும். விதிகளை நீங்களே படித்துச் சம்மதித்தீர்களா, உங்களுக்குக் காட்டாமல் வேறு யாராவது சம்மதித்திருந்தால் தெரிவிக்கவும், அப்படியானால் மறுதேர்வு பற்றி யோசிக்கலாம்.

முதல் கேள்விக்கு நீ எழுதிய பதிலைப் படித்ததும் மேசையை ஓங்கிக் குத்தினேன். "எனக்கு நோய் இருக்கிறது. சான்றிதழும் இருக்கிறது. ஆனால் அந்த நோய் உதட்டில் இல்லை. இது நான் படிக்கிற முறை." அடி சக்கை! உன்னையா ரோஷம் இல்லாதவள் என்றேன்?

இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னால் போதும். என் தோழி எனக்குக் காட்டாமல் அமுக்கிவிட்டாள் என்று ஒரே ஒரு வரி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். நீ என்ன எழுதியிருக்கிறாய்? "என் தோழி பதினொரு பக்கமும் எனக்குப் படித்து அர்த்தம் சொன்னாள். நான்தான் சம்மதித்தேன். தவறு என்னுடையது." விதி தெரிந்தே மீறியதால் முடிவு மாறாது என்று அவர்கள் முடித்துவிட்டார்கள்.

யாரைக் கேட்டுடீ அப்படி எழுதினாய்? கடைக்குக் கெட்ட பேர் வரும் என்றா? அன்று தெருவில் கத்தியபோது என் மூஞ்சியைப் பார்த்ததுமே, நான் விதிகளைப் படிக்கவில்லை என்று உனக்குத் தெரிந்துபோனதா? தெரிந்திருந்தால் நாலு அறை விட்டிருக்கக் கூடாதா? நீ ஆசைப்பட்டது ஒரே ஒரு வேலை, அதையும் எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, நான் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாயே. எனக்கு உன்மேல் வருகிற கோபத்துக்கு நீ மட்டும் இப்போது எதிரில் இருந்தால்!

இந்தக் கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, என் மெயிலிலிருந்து அவர்களுக்கு எழுதினேன். என் பேர் போட்டு, கடைப் பேரும் போட்டு. அவள் அந்த விதிகளைப் பார்க்கவே இல்லை, நானும் படிக்கவில்லை, அமுக்கியது நான், என்னைக் காப்பாற்ற அவள் பொய் சொன்னாள், தெரிந்தே மீறினாள் என்ற வரியை அவள் பேரிலிருந்து எடுங்கள் என்று நான்கே வரி. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துப் படித்துப் பார்த்தேன். எட்டு மாதம் தினம் உன் முகத்தைப் பார்த்தும் சொல்ல வராததை, முன்பின் தெரியாத எவனுக்கோ சொல்லியிருக்கிறேன்.