அத்தான் பெயரில் இரண்டு கார்டு

மார்ச் 4

என் அருமை வாலுவுக்கு,

போனில் பேசினால் சண்டை வருகிறது, கடிதம் எழுதிக்கொள்வோம் என்றாய். சரி, எழுதுகிறேன். இங்கே நானும் அத்தானும் நலம். கடையில் வியாபாரம் சுமார். டைல்ஸ் கடைத் தூசு உனக்குத் தெரியும். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் கணக்கு எழுதலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் கணக்கில் உனக்கு வாங்கித் தந்தேனே ஆட்-ஆன் கார்டு, அதை நீ எங்கே தேய்த்தாலும் மெசேஜ் என் போனுக்குத்தான் வருகிறது. அவருக்கு அந்த டிங் டிங் சத்தம் ஆகாது என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மருந்துக் கடை. வியாழக்கிழமை மறுபடியும் மருந்துக் கடை. உடம்புக்கு என்ன? ஞாயிற்றுக்கிழமை ஒரு காபிக் கடை. அந்தப் பில் ஒரு ஆள் குடித்த பில்லாகத் தெரியவில்லை. யார் கூட? அக்கா கேட்கக் கூடாதா?

திட்டவில்லையடி. இன்னும் நன்றாகத் தேய். சோப்பு, சீப்பு, ஊக்கு வரைக்கும் கார்டிலேயே வாங்கு. அப்போதுதான் பாங்கில் உன் பெயர் ஏறும். நாளைக்கு வீடு வாடகைக்குக் கேட்டால் யோசிக்காமல் கொடுப்பார்கள். மாதம் தவறாமல் பில் கட்ட அத்தான் இருக்கிறார். உன் பங்கை எனக்கு அனுப்பினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மருந்துக் கடைக்குப் போனது கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கே கண்ணில் தூசு. லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான். முதல் மருந்து எரிந்தது, அதனால் இரண்டாவது. காபி குடித்தது ஷோரூம் பெண்கள் எல்லோரும் சேர்ந்து. நான் கார்டு தேய்த்தேன், அவர்கள் பணமாகக் கொடுத்தார்கள். போதுமா, போலீஸ்கார அம்மா?

இப்போது நான் சொல்வதைக் கேள். ஹாஸ்டலில் என்னால் இருக்க முடியவில்லை. மேல் கட்டில்காரி திரும்பிப் படுத்தால் என் கட்டில் ஆடுகிறது. ஈரத் துணி போட இடமில்லை, தலைமாட்டிலேயே காய்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்க இடமில்லை. பேப்பர் கடை மாடியில் ஒற்றை அறை ஒன்று பார்த்தேன். சின்னதுதான், ஆனால் சமையல் மேடைக்கு எதிரே ஜன்னல். உள்ளே நின்றபோது மூச்சு நிதானமாக வந்தது, அக்கா.

கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று பாங்குகள் போடுகிற மார்க்குக்கு ஸ்கோர் என்று பெயராம். புரோக்கர் அதற்காக என் பெயரைப் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். இத்தனை மாதம் ஊக்கு வரைக்கும் தேய்த்திருக்கிறேனே என்று பாங்குக்கே ஓடினேன். அங்கே இருந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னாள்: "ஆட்-ஆன் கார்டுல நீங்க வாங்கறதெல்லாம் மெயின் கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்க கணக்குல சேரும். உங்க பேர் எங்கயும் வராது."

நான் வாங்கின சோப்பும் சீப்பும் அத்தானுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உன் மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

என்றும் உன்
வாலு

மார்ச் 19

என் வாலுவுக்கு,

எனக்கு எப்படியடி தெரியும்? கார்டில் உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுத்தானே அனுப்பினார்கள்! பெயரைப் போட்டுவிட்டுப் பெயர் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

போகட்டும், அதற்கும் வழி இருக்கிறது. அத்தான் அந்த அறையைத் தன் பெயரில் எடுக்கிறேன் என்கிறார். அவருக்கு ஸ்கோர் உச்சியில் இருக்கிறதாம். பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, சாவி உன் கையில்தானே இருக்கும்? பிடிவாதம் பிடிக்காமல் சரி என்று எழுது. புரோக்கர் நம்பரையும் அனுப்பு, அத்தானே பேசிக்கொள்வார்.

இன்னொன்று. ஒரு வாரமாக உன் மெசேஜே வரவில்லை. கார்டைத் தொடவே இல்லையா? எந்தப் பணத்தில் சாப்பிடுகிறாய்? போன் சும்மா கிடந்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி அதையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

உன்
அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு என் நன்றியைச் சொல். ஆனால் அவர் பெயரில் வேண்டாம். நாளைக்கு ஜன்னல் கண்ணாடி உடைந்தால்கூட வீட்டுக்காரர் அவரைத்தான் கூப்பிடுவார். அவர் உன்னைக் கூப்பிடுவார். நீ என்னைக் கூப்பிட்டு, "எப்படி உடைஞ்சது, யார் வந்தா?" என்பாய்.

என் முட்டாள்தனத்தையும் கேள். வேலைக்கு எழுதிப் போடுகிற மாதிரி, ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கும் என்று ஒரே வாரத்தில் கண்ணில் பட்ட பாங்குக்கெல்லாம் கார்டு கேட்டு விண்ணப்பித்தேன். விமான நிலையத்தில் சோபா போட்டு உட்காரவைக்கிற கார்டுக்குக்கூட! நான் பஸ்ஸிலேயே நின்றுகொண்டு போகிறவள். எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவை கேட்பதும் பதிவாகிறதாம். இந்தப் பெண்ணுக்கு என்னவோ அவசரம், பணமுடை என்று நினைத்துக்கொள்வார்களாம். கடன் வாங்காமல் இருந்தது ஒரு குற்றம், கேட்டது இன்னொரு குற்றம்.

பாங்கு அம்மாள்தான் வழி சொன்னாள். "கொஞ்சம் பணத்தை டெபாசிட்டா போடுங்க, அதுக்கு ஈடா கார்டு தருவோம். சம்பளச் சீட்டு, பழைய கணக்கு எதுவும் கேக்க மாட்டோம். வட்டியும் வரும். மாசாமாசம் முழு பில்லைக் கட்டுங்க, அது போதும்." பரிசு, தள்ளுபடி எதுவும் கிடையாது. பார்க்கவும் அசடு மாதிரி இருக்கிற கார்டு. அதைத்தான் எடுக்கப்போகிறேன்.

அதற்கு அம்மா எனக்கென்று விட்டுப்போன பணம் வேண்டும். நீ என் கல்யாணத்துக்கென்று வைத்திருப்பது தெரியும். தயவுசெய்து அனுப்பு.

கோபித்துக்கொள்ளாதே.

வாலு

ஏப்ரல் 10

வாலுவுக்கு,

பணம் அனுப்பியாகிவிட்டது. அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போன தொகையும் அதன் வட்டியும். சரிபார்த்துக்கொள்.

"யார் வந்தா" என்று நான் கேட்பேன் என்றாயே, அதைப் படித்துவிட்டு வாசலில் போய் நின்றேன். தாய் இல்லாத பெண் என்று பயந்து பயந்து பார்த்தது உனக்குப் போலீஸ் வேலையாகத் தெரிந்திருக்கிறது. இருக்கட்டும். இனி கேட்கவில்லை.

நான் கொடுத்த கார்டு உனக்குத் தேவையில்லை. நானே அதை நிறுத்திவிடுகிறேன். உனக்கு எதற்குச் சிரமம்?

அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கார்டு வந்துவிட்டது. முதலில் பல் தேய்க்கும் பிரஷ் வாங்கினேன். பில் வருவதற்கு முன்னாலேயே பாங்குக்குக் கட்டப் போனேன், "அவசரமில்ல, பில் வரட்டும்" என்று சிரித்தார்கள்.

பேப்பர் கடை மாடி அறை வேறு யாருக்கோ போய்விட்டது. ஸ்கோர் என்று ஒன்று தெரியவே ஆறேழு மாதம் ஆகுமாம். அதுவரை மேல் கட்டில்காரியோடுதான் குடித்தனம். சாயங்காலம் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன். அந்த ஜன்னலில் வேறு யாருடைய துணியோ காய்வதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் எழுதிய வார்த்தை தடித்துவிட்டது. உன்னிடமிருந்து ஓட நினைக்கவில்லை, அக்கா. என் பெயரில் ஒன்று வேண்டும் என்றுதான் நினைத்தேன். எழுது.

உன் வாலு

மே 15

அக்கா,

பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. அத்தானைக் கேட்டால், "நல்லா இருக்கா, கடையில இருக்கா" என்கிறார். வேலையில் கை ஓடவில்லை. நேற்று ஒரு பெரியவரின் கண்ணாடிக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். திட்டியாவது எழுது.

வாலு

மே 24

என் அருமை வாலுவுக்கு,

முதலில் கோபம்தான், பொய் சொல்லமாட்டேன். அப்புறம் எழுதாமல் இருந்தது வெட்கத்தால்.

உன் கார்டை நிறுத்த பாங்குக்குப் போன் போட்டேன். பெரிய மனுஷி தோரணையில் "எங்க கார்டு ஒண்ணை நிறுத்தணும்" என்றேன். அந்தப் பெண் என் பெயரைக் கேட்டாள், நம்பரைக் கேட்டாள், கொஞ்ச நேரம் தட்டினாள். "மேடம், நீங்க வச்சிருக்கறதும் ஆட்-ஆன் கார்டுதான். உங்களால நிறுத்த முடியாது. சார் பக்கத்துல இருந்தா அவர்கிட்ட குடுங்க" என்றாள்.

அவர் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். போனை வாங்கி, "ஆமாம்மா, நிறுத்திடுங்க" என்றார். என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரக்கைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் கல்லா பக்கத்தில் அப்படியே நின்றேன்.

கல்யாணமானதிலிருந்து என் கார்டு, என் கார்டு என்று தேய்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்கும் ஒரு கார்டை நான்தான் கொடுத்தேன் என்று நினைத்துத்தான் உன்னை அவ்வளவு அதிகாரம் பண்ணினேன். கொடுக்க என்னிடம் என்ன இருந்தது, வாலு? அழுகை வந்தது. தூசு என்று சொல்லிக்கொண்டேன்.

நீ எழுதிய டெபாசிட் கார்டை நானும் எடுக்கலாம் என்று பார்த்தேன். அம்மா கொடுத்த என் பங்கு, கடை ஆரம்பித்தபோது வாங்கிய முதல் லோடு சரக்கில் போனது. அந்த டைல்ஸ் இந்நேரம் யார் வீட்டுக் குளியலறையிலோ வழுக்கிக்கொண்டிருக்கும்.

நேற்று கடை சாத்தும்போது அவரிடம் சம்பளம் கேட்டேன். "யாருக்கு?" என்றார். "எனக்கு" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஷட்டரைப் பாதியில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "வீட்டுப் பணம் எல்லாமே உன்னுதுதானே?" என்றார். "அப்ப அதுல கொஞ்சம் என் பேர்ல வரட்டும்" என்றேன். மிச்ச ஷட்டரை இழுத்துப் பூட்டினார். இன்று காலையில் செருப்பு மாட்டும்போது, "சரி, எவ்வளவு வேணும்?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லையடி. இத்தனை வருஷம் பார்த்த வேலைக்கு என்ன விலை என்று நான் யோசித்ததே இல்லை. பில் போடவும், சரக்கு எடுக்கவும், பாக்கிக்காரர்களைத் துரத்தவும் ஒரு ஆள் வைத்தால் உங்கள் ஊரில் என்ன சம்பளம் தருவார்கள் என்று நாலு கடையில் விசாரித்து எழுது. குறைத்துச் சொல்லாதே.

உன்
அக்கா