தலை நரைத்த கள்ளி

அன்பு மச்சான்,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாரீசு நகரத்துச் செடிச் சந்தையில், நாலு பேர் பார்க்க, நான் ஒரு கள்ளிச் செடியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். துரை கொடுத்த பழைய கால்சட்டை மெல்லியது. கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே முள் பிடுங்கும் இடுக்கியை நீட்டினாள். பிடுங்க வேண்டிய இடமோ எனக்கு எட்டவில்லை. மீதியை நீயே நினைத்துக்கொள்.

எல்லாம் உன்னால்தான். பாகூரில் எல்லோரும் வேலிக்கு நடுவதை நீ ஒருத்தன்தான் உடைந்த சட்டிகளில் வைத்து வாசலில் வளர்த்தாய். "முள்ளுக்குத் தண்ணி ஊத்துறான் பாரு" என்று ஊரே சிரித்தது. துரை வீட்டுச் சமையல்காரனாக நான் கப்பலேறியபோது நீ கேட்டதும் அதைத்தான்: "வெள்ளை முடி மொளைச்ச கள்ளி ஒண்ணு இருக்குதாம், மச்சான். கெழவன் தலையாட்டம் இருக்குமாம். எப்பிடியாவது கொண்டாந்துடு."

ஆற்றங்கரையில் பலகை பலகையாய் அடுக்கியிருந்தார்கள். பந்து போல் சில, விரல் போல் சில, கூழாங்கல்லா செடியா என்று தெரியாமல் சில. எனக்குத் தெரிந்ததோ சமையல்கட்டு பிரெஞ்சு. "முடி வைத்த கிழட்டுக் கத்தரிக்காய் இருக்கிறதா?" என்று கேட்டேன். "அதை எப்படிச் சமைப்பீர்கள்?" என்றாள் கடைக்காரம்மா. விளக்குவதற்காகப் பின்னால் நகர்ந்தபோதுதான் அந்த விபத்து. அதைப் பார்த்துப் பாவப்பட்டே, உள்ளே போய் நீ சொன்ன நரைத்தலையை எடுத்துவந்து கொடுத்தாள்.

அறைக்குத் திரும்பியதும், உட்கார முடியாமல், நின்றபடியே உனக்குக் கடுதாசி எழுதினேன். இந்தப் பாழாய்ப்போன விளையாட்டுப் புத்தி அங்கேயும் சும்மா இருக்கவில்லை. "மச்சான், இங்கே ஒரு கள்ளியைப் பிடித்துவிட்டேன். தலை நரைத்தவள், ஆனாலும் அழகி. தொட்டால் குத்துவாள். அடுத்த கப்பலில் கூட்டிவருகிறேன், உன் வீட்டிலேயே வைத்துக்கொள். என் தங்கச்சியிடம் மூச்சு விடாதே." எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

ஊர் திரும்பி, தவளக்குப்பத்தில் இறங்கி, தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு செலியமேட்டில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தேன். வழியில் வெற்றிலைக்கடை முருகேசன்தான் நிறுத்தினான்.

"இன்னாபா, சேதி தெரியாதா உனக்கு? உன் மச்சான் வெசக்காய்ச்சல்ல பூட்டாரு. ரெண்டு மாசம் ஆவுது."

"தங்கச்சி?"

"அது அதுக்கு முன்னாடியே பொட்டியத் தூக்கினு உங்க வூட்டுக்கு வந்துடிச்சி. இன்னா சண்டையோ, யாரு கண்டது."

வீட்டுக்குள் நுழைந்தேன். உன் பெண்டாட்டி தலை நிமிர்ந்து பார்த்தாள், என்னை அல்ல, தொட்டியை. "இதான் அந்தக் கள்ளியாண்ணா?" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை.

எனக்கு வேறென்ன தோன்றும்? என் கடுதாசி அவள் கையில் சிக்கியிருக்கிறது. கூடப்பிறந்தவனே ஒருத்தியைக் கூட்டிவருகிறான் என்று நினைத்து வீட்டை விட்டு வந்துவிட்டாள். நீ தனியாகக் கிடந்தாய். கடைசியில் உன் வாயில் தண்ணீர் விட்டது யார், மச்சான்? அந்தக் கடுதாசியைப் படித்துச் சிரித்தாயா, இல்லை, அவளைச் சமாதானப்படுத்த வழி தெரியாமல் தவித்தாயா? மூன்று வாரமாக இதைக் கேட்க ஆளில்லாமல் உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் தெரிந்துகொள்கிற எனக்கு, என் வீட்டுக்குள்ளேயே ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் வரவில்லை.

செடி நன்றாக இருக்கிறது. யாரோ தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், நான் இல்லை.

இன்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவள் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உனக்குப் பெண் கொடுத்து, வாயால் கெட்ட
உன் மச்சான்

பி.கு.: சொல்லிவிட்டேன். "காய்ச்சல் ஒட்டிக்கும், ஒங்கண்ணன் வூட்டுக்குப் போடின்னு அவருதாண்ணா என்னைத் தொரத்தினாரு" என்றாள். நீ என்னிடம் கேட்ட செடியைப் பற்றி அவளிடமும் சொல்லியிருந்தாயாம்; அன்று அவள் கேட்டது அதைத்தான். பிறகு உள்ளே போய் என் கடுதாசியை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். உன் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் தபால்காரர் கொண்டுவந்தாராம். உன் பேருக்கு வந்தது என்பதால், உறையை யாரும் பிரிக்கவே இல்லை.