இருவர் கையெழுத்து

மேச்சேரி
5.6.2025

அன்புள்ள மஞ்சுவுக்கு,

உன் மருதாசலம் எழுதுவது. நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு, பிரஷர் மாத்திரையை மறந்துவிடாதே.

சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். அஸ்தம்பட்டி ஃபைனான்ஸ் ஆபீஸைப் பூட்டிவிட்டு மேனேஜர் ஓடிப்போய்விட்டான் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனைத் திறந்தால் ஒரே வசவு. அணைத்து வைத்துவிட்டேன். கல்யாணம் நிச்சயமான பிறகு உனக்கு மூன்று கடிதம் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன்.

அக்கா மகன் கருப்பண்ணன் தோட்டத்தில் இருக்கிறேன். சோற்றுத் தட்டில் சோற்றைவிட ஈதான் அதிகம். அவன் பெண்டாட்டி குழம்பில் உப்பே போடுவதில்லை. உன் கை ரசத்துக்கு நாக்கு ஏங்குகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கவனமாகக் கேள். நான் வெறும் ஏஜெண்ட். பணம் கட்டியவர்கள் வீட்டுக்கு வந்தால், நாங்கள் போட்ட ஆறு லட்சமும் அதே கம்பெனியோடுதான் போயிற்று என்று சொல். இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் இன்னும் நல்லது. மாதக் கடைசியில் உனக்கு ரிட்டயர்மென்ட் ஆனதும் இங்கே வந்துவிடு. மற்றதை நேரில் பேசலாம்.

என்றும் உன்,
மருதாசலம்


ராசிபுரம்
11.6.2025

மாமாவுக்கு,

மஞ்சுளா எழுதுகிறேன். மாத்திரை போடுகிறேன். சாப்பாடுதான் இறங்கவில்லை.

நம் மூலமாகப் பணம் கட்டிய இருபத்து மூன்று பேரும் வந்துவிட்டுப் போனார்கள். நீங்கள் சொன்னபடியே சொன்னேன். அழுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அங்கன்வாடியில் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டுச் சேர்த்த பணம் அது. நமக்குப் பிள்ளை குட்டி இல்லை, வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று இருவரும் உட்கார்ந்து பேசித்தானே அதைப் போட்டோம்.

தறிக்காரர் செந்தமிழன் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "உங்கூட்டுக்காரரு எங்கீங்க டீச்சர்?" என்றார். தெரியாது என்றேன். காறித் துப்பிவிட்டுப் போனார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நல்லம்மாள் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. என்னோடு சமையல் உதவியாளராக இருந்தவள், மருமகள் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று இரண்டு மாட்டையும் விற்று ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்டியவள். அவள் வந்து எனக்கு ஆறுதல் சொல்கிறாள். "அழுவாதீங்க டீச்சர். உங்களுதும் போச்சு, என்னுதும் போச்சு. இருக்கறதெ ரெண்டு பேரும் பங்கிட்டுக் குடிப்போமுங்க" என்றாள். தினமும் ஒரு தூக்கில் ராகிக் களி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

புதுத் தறி போட்டால் முதல் இழையை எடுத்துக் கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று பெயர். அது தெரிந்துதானே ஒவ்வொரு ரசீதையும் வெற்றிலையில் வைத்து என் கையால் கொடுக்கச் சொன்னீர்கள். நானும் கொடுத்தேன், பெருமையாக வேறு இருந்தது. இப்போது என் கையைப் பார்க்க எனக்கே கூசுகிறது.

வந்துவிடுங்கள் மாமா. திட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். நம் பணமும் போனது அவர்களுக்குத் தெரியும், அடிக்கமாட்டார்கள்.

மஞ்சுளா


மேச்சேரி
18.6.2025

அன்பு மஞ்சுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து மனம் கலங்கிவிட்டது. நீ இப்படிச் சாப்பிடாமல் கிடப்பாய் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

நம் பணம் போகவில்லை. பொங்கல் கழிந்ததும் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுதெ இப்பவே எடுத்துக்கோங்கண்ணா, கம்பெனி வைகாசி தாண்டாது" என்றான். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி ஆறு லட்சத்தையும் எடுத்துத் தபால் ஆபீஸில் நம் இருவர் பேரிலும் போட்டுவிட்டேன். பழைய பாலிசி முதிர்ந்த பணம் என்று சொல்லி உன்னிடம் கையெழுத்து வாங்கினேனே, அதுதான் இது. உன்னிடம் மறைத்தது தப்புத்தான். ஆனால் உனக்குப் பொய் சொல்ல வராது. தெரிந்திருந்தால் முகத்திலேயே காட்டிக்கொடுத்திருப்பாய். தெரியாததால்தான் நீ அழுத அழுகையை ஊரே நம்பியது. எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

கருப்பண்ணன் பக்கத்து ஒன்றரை ஏக்கரை குத்தகைக்குப் பேசி வைத்திருக்கிறான், இரண்டு அறை ஓட்டு வீட்டோடு. ஐம்பது மேச்சேரி ஆடு வாங்கி விட்டால் வருடத்துக்கு இரண்டு தரம் விற்கலாம். நமக்கு அது போதும். பணத்தை எடுக்கும் படிவம் இத்துடன் இருக்கிறது. இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் கொடுப்பார்கள். பென்சிலால் குறித்த இடத்தில் உன்னுடையதைப் போட்டு அனுப்பு. நான் போட்டு மற்றதைப் பார்த்துக்கொள்கிறேன்.

நல்லம்மாளிடம் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள். களி கொடுத்தால் வாங்கிக்கொள், திடீரென்று வேண்டாம் என்றால் சந்தேகப்படுவாள். உனக்காகத்தான் இவ்வளவும். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

உன்னையே நினைத்திருக்கும்,
மருதாசலம்


ராசிபுரம்
1.7.2025

திரு. மருதாசலம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. பத்திரமாக இருக்கிறது.

அது வந்த அன்று நல்லம்மாள் வைத்துவிட்டுப் போன களியில் பாதியைச் சாப்பிட்டிருந்தேன். படித்து முடித்ததும் அத்தனையையும் வாந்தி எடுத்தேன். ஆறு லட்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாட்டை விற்றவளின் களியைத் தின்றிருக்கிறேன். அதை வாங்கிக்கொள்ளச் சொல்லி எழுதவும் உங்கள் கை வருகிறது.

மறுநாள் அவளிடம் ரசீதைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பிப்ரவரி பத்து என்று போட்டிருந்தது. நம்முடையதை எடுத்துப் பத்தொன்பது நாள் கழித்து, மூழ்கப் போகிறது என்று தெரிந்தே, அவளிடம் வாங்கியிருக்கிறீர்கள். அவளுக்குப் பிறகும் ஐந்து பேர். அன்றைக்கு வெற்றிலை வாங்கிவந்து, "உன் கையால குடு மஞ்சு, வெளங்கட்டும்" என்று சொன்ன வாய் உங்களுடையது. மேனேஜர் ஊர் பேர் தெரியாதவன். அவனை நினைத்தால் கோபம்தான் வருகிறது. உங்களை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் உங்கள் துணியைத் துவைத்தேன். இப்போது கொடியில் கிடக்கும் உங்கள் சட்டையை எடுத்து மடிக்க முடியவில்லை. குச்சியால் தள்ளிச் சாக்கில் போட்டேன்.

நேற்று எனக்குப் பிரிவு உபசாரம். இவ்வளவுக்குப் பிறகும் அந்த இருபத்து மூன்று பேரும் காசு சேர்த்து ஒரு பொன்னாடை வாங்கி வந்திருந்தார்கள். போர்த்த வந்தபோது தடுத்துவிட்டு உங்கள் கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். செந்தமிழன், "அப்ப நீங்களும் கூட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டார். கடிதம் வரும்வரை எனக்கு எதுவும் தெரியாது என்று மட்டும் சொன்னேன். நம்புவதும் நம்பாததும் அவர் இஷ்டம். நல்லம்மாள் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று காலையில்தான் வந்து, "எங்கீங்க இருக்காரு?" என்று கேட்டாள். சொன்னேன்.

ஆறு லட்சமும் அந்த இருபத்து மூன்று பேருக்கு. ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும், முழுதாக அடையாது. நான் வேலை விட்டதற்கு அரசாங்கம் கொடுப்பதில் என் கஞ்சியைக் குடித்துக்கொள்வேன். ஒண்டியாக இருந்துகொள்வேன். மேச்சேரிக்கு நான் வரப்போவதில்லை. நீங்களும் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.

இந்தக் கடிதம் உங்களுக்குத் தபாலில் வந்திருக்காது. நல்லம்மாள் கொடுத்திருப்பாள். மற்றவர்கள் தோட்டத்து வாசலில் வேனில் இருக்கிறார்கள். பின்பக்கம் வழி இருந்தாலும் போகாதீர்கள், செந்தமிழன் அங்கேதான் நிற்பார். படிவத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன், அது நல்லம்மாளிடம் இருக்கிறது. உங்களுடையது மட்டும்தான் பாக்கி. பேனாவும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மஞ்சுளா